பழைய லேப்டாப்: எதை மாற்றலாம்? எதை மாற்றக் கூடாது?

மகன் கல்லூரிக்குப் போகிறான். "லேப்டாப் நகரவே மாட்டேன் என்கிறது. புதிது வேண்டும்" என்கிறான். "இதுவே போதும்" என்கிறார் தந்தை. பல வீடுகளில் நடக்கும் வழக்கு இது.

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் தீர்ப்புக்கு முன் குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் ஏதோ ஓர் உறுப்புதான் மற்ற உறுப்புகளைக் காக்க வைக்கிறது. அச்சு முறிந்த வண்டிக்கு மாட்டை மாற்றி என்ன பயன்?

கண்டுபிடிப்பது எப்படி?

விண்டோஸ் லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினால் ஒரு பட்டியல் தோன்றும். "டிஸ்க்" என்ற இடத்தில் 100 சதவீதம் என்று நெடுநேரம் நின்றால், ஹார்டு டிஸ்க் திணறுகிறது. "மெமரி" 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், ராம் போதவில்லை. இரண்டும் உச்சத்தில் நின்றால், இரண்டையும் கவனிக்க வேண்டும். இது காசு செலவில்லாத சோதனை.

முதல் மரியாதை

ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப்புக்கு முதலில் செய்ய வேண்டிய செலவு எஸ்.எஸ்.டி.தான்.

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே தட்டு சுழல்கிறது. பல லேப்டாப்களில் நிமிடத்துக்கு 5,400 சுற்று. ஒரு முனை அங்கும் இங்கும் ஓடித்தான் அதில் உள்ளதைப் படிக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது. கேட்டதை உடனே எடுத்துக் கொடுக்கும். எனவே நிமிடக் கணக்கில் காக்க வைத்த லேப்டாப், விநாடிக் கணக்கில் தயாராகிவிடும்.

மாற்றுவதற்கு முன் படங்கள், பாடங்கள், சான்றிதழ்கள் அனைத்துக்கும் நகல் எடுத்து வேறு இடத்தில் வைப்பது அவசியம்.

அடுத்தது ராம்

4 ஜி.பி. ராம் இருந்தால் 8 ஆக்கலாம். பலன் தெரியும். 8 இருப்பதை 16 ஆக்கினால், பாடம் படிப்பவருக்கும் கடிதம் எழுதுபவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

டி.டி.ஆர்.3 ராமுக்கு உரிய இடத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது. சில லேப்டாப்களில் ராம் பலகையோடு பற்ற வைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற முடியாது. பணம் கொடுக்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேட்டரி

புதிய பேட்டரி போட்டால் வேகம் கூடிவிடாது. வகுப்புக்கு எடுத்துச் செல்பவருக்கு அது தேவை. வீட்டிலேயே ஒயர் செருகி வேலை செய்பவர் அவசரப்பட வேண்டாம்.

ஆனால் பேட்டரி உப்பியிருந்தால் தாமதிக்கக் கூடாது. உடனே லேப்டாப்பை நிறுத்த வேண்டும். அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

வீண் செலவு

பிராசசரை மாற்றும் ஆசை வேண்டாம். பெரும்பாலான லேப்டாப்களில் அது பலகையோடு பற்ற வைக்கப்பட்டது.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த பொதுவான பாதுகாப்பு உதவி 14-10-2025 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் பிராசசராக இருந்தால், பொதுவாக 8-வது தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 2011-ல் தொடங்கிய தமிழக அரசுத் திட்டத்தில் மாணவர்கள் ஆரம்ப ஆண்டுகளில் பெற்ற லேப்டாப்களுக்கு அந்தத் தகுதி இல்லை. எஸ்.எஸ்.டி., ராம் போட்டாலும் அந்தத் தகுதி வந்துவிடாது. அவற்றில் லினக்ஸ் போடலாம். அது இலவசம். எழுதவும் படிக்கவும் இன்டர்நெட் பார்க்கவும் போதும். மகனின் பாடத்துக்கு வேண்டிய புரோகிராம் லினக்சில் ஓடுமா என்று முதலில் கல்லூரியில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கே நிறுத்துவது?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். திரை உடைந்து, கீல் விட்டு, எழுத்துப் பொத்தான்களும் போயிருந்தால் விட்டுவிடுவதே மேல். மொத்தச் செலவு, நல்ல நிலையில் உள்ள இன்னொரு பழைய லேப்டாப்பின் விலையில் பாதியைத் தாண்டினாலும் அப்படியே.

அந்த எல்லைக்குள் அடங்கினால் தந்தை தாராளமாகச் செலவு செய்யலாம். மகனுக்கு வேகம் கிடைக்கும். மிச்சப்படும் பணம் அடுத்த பருவக் கட்டணத்துக்கு உதவும்.