சாளரத்துக்கு வெளியே ஒரு மரம்

மனஇறுக்கம் தீர மலைக்குத்தான் செல்லவேண்டும் என்னும் எண்ணம் இன்று பலரிடம் வேரூன்றியுள்ளது. கோடை விடுமுறையில் உதகைச் சாலையில் ஊர்திகள் ஊர்கின்றன. நெரிசலைக் கட்டுப்படுத்த, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் ஊர்திகளுக்கு இ-பாஸ் முறை 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அமைதியைத் தேடிச் சென்றவர், வளைவுதோறும் ஒலிப்பான்களின் இரைச்சலைக் கேட்டுத் திரும்புகிறார். இயற்கையை ஆண்டுக்கொருமுறை காணும் காட்சிப்பொருளாக்கியதன் விளைவு இது.

அமைதி பெற அவ்வளவு தொலைவு செல்லவேண்டியதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 பேரின் பதிவேடுகளை ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் ஒப்பிட்டார். அறைகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. பாதிப்பேரின் சாளரத்துக்கு வெளியே மரங்கள், மற்றவர்க்குச் செங்கற்சுவர். மரங்களைக் கண்டவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். வீரியமிக்க வலிநீக்கிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 1984இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த இவ்வாய்வு அளவில் சிறியதுதான். ஆயினும் அந்நோயாளிகள் காட்டுக்குள் நடந்தவர்கள் அல்லர். படுக்கையிலிருந்தே மரங்களைக் கண்டவர்கள் என்பது எண்ணத்தக்கது.

இதற்கு உளவியலார் ரேச்சல் கப்லானும் ஸ்டீபன் கப்லானும் தரும் விளக்கம் எளியது. கணக்கொன்றைத் தீர்க்கும்போது மனம் பிறவற்றை விலக்கி ஒன்றன்மேல் நிற்க முயல்கிறது. அம்முயற்சியே களைப்பைத் தருகிறது. காற்றில் அசையும் கிளையும் அணிலின் ஓட்டமும் முயற்சியின்றியே கவனத்தை ஈர்க்கின்றன. அவ்வேளையில் களைத்த மனம் ஓய்வு கொள்கிறது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு அகவுணர்வைப் பாடிய தமிழ் மரபினர்க்கு இது வியப்பளிக்காது.

வியப்பளிப்பது நம் பள்ளிகளின் நடைமுறையே. பொதுத்தேர்வு எழுதும் மாணவருக்கு விடியலில் சிறப்பு வகுப்பு, மாலையில் தனிப்பயிற்சி. விளையாட்டுப் பாடவேளையும் பல இடங்களில் கணக்குக்கோ இயற்பியலுக்கோ போய்விடுகிறது. மனஅழுத்தம் பற்றிய அறிவுரைகூட மூடிய கூடத்தில்தான் வழங்கப்படுகிறது! ஆழ்ந்த மனச்சோர்வுக்கு மருத்துவரே வேண்டும். மரநிழல் அதற்கு ஈடாகாது. நாள்தோறும் சேரும் களைப்புக்கோ நண்பகல் உணவை வேம்படியில் அமர்ந்து உண்பதே பெருந்துணை.

ஆகவே புதிய வகுப்பறை கட்டத் திட்டமிடும்போது, வளாகத்து மரங்களையும் வரைபடத்தில் குறித்த பின்னரே கட்டடத்துக்கு இடம் தேர்தல் வேண்டும். வெட்டிய மரத்துக்கு ஈடாகக் கன்று நடுவதாகச் சொல்வது வழக்கம். அக்கன்று பரந்த நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும். மேல்நிலைக் கல்வியோ இரண்டே ஆண்டுகள்.