தங்கவயலின் தூசி நுரையீரலோடு நிற்பதில்லை

2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிவைத்த சுரண்டல், நூற்று இருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கத்தை மண்ணுக்கடியிலிருந்து எடுத்துச் சென்றது. மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் இறங்கி அதை வெட்டியெடுத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, தென்னாற்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களின் சேரிகளிலிருந்து வந்த தலித் உழைப்பாளிகள். தங்கம் லண்டனுக்குப் போயிற்று. பாறைத்தூசி இவர்களின் நெஞ்சில் தங்கிற்று.

இக்கதையின் முதற்பகுதி நம் தோழர்கள் அறிந்ததே. தங்கவயலின் தங்கம் குவார்ட்ஸ் பாறையில் பொதிந்திருந்தது. அதைத் துளையிட்டு, வெடிவைத்து, நொறுக்கும்போது எழும் சிலிக்காத்தூசி நுரையீரலைத் தழும்பாக்குவதே சிலிக்கோசிஸ். 1940 முதல் 1946 வரை தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்த மருத்துவர்கள் கேப்லனும் பர்டனும் 3,402 பேரிடம், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேரிடம், இந்நோயைக் கண்டனர். அதே 1946ஆம் ஆண்டு நவம்பரில் உரிமை கேட்டுத் திரண்ட தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஆறு பேர் வீழ்ந்தனர். குண்டுக்கு இரையானவர்களுக்கு நினைவுநாள் உண்டு. தூசிக்கு இரையானவர்களுக்கு அதுவும் இல்லை.

இரண்டாம் பகுதி காசநோய். காசக்கிருமியை விழுங்கி அடக்கிவைக்கும் நுரையீரல் அணுக்களைச் சிலிக்கா கொன்றுவிடுகிறது. ஆகவே சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல். ஒரே அறையில் ஒரு குடும்பமே உறங்கும் தொழிலாளர் லைன் வீடுகளில் அது தந்தையிடமிருந்து மனைவிக்கும் மக்களுக்கும் பரவுகிறது.

மூன்றாம் பகுதியைத்தான் நாம் பேசுவதில்லை. காசக்கிருமி நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தத்தின் வழியே உடலெங்கும் செல்கிறது. அது விரும்பித் தங்கும் இடங்களுள் ஒன்று, சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி. இரத்த அழுத்தத்தையும் உடலின் உப்பையும் சர்க்கரையையும் காப்பது, காய்ச்சலோ காயமோ வரும்போது உடலைத் தாங்கிப்பிடிப்பது ஆகியவை இச்சுரப்பியின் வேலை. இரு சுரப்பிகளிலும் சுமார் பத்தில் ஒன்பது பங்கு அழிந்த பிறகே நோய் வெளிப்படையாகத் தெரியவரும். 1855இல் தாமஸ் அடிசன் என்னும் ஆங்கில மருத்துவர் இந்நோயை முதன்முதலில் விவரித்தபோது அவர் கண்ட முதன்மைக் காரணங்களுள் ஒன்று காசநோயே. அன்றைய லண்டன் நெரிசலும் வறுமையும் நிறைந்த தொழிலாளர் நகரமாக இருந்தது என்பதை நினைவில் கொள்க.

இன்று பணக்கார நாடுகளில் இந்நோய்க்குப் பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவது காரணம். அங்கே வீடு, உணவு, மருத்துவம் ஆகியவற்றுக்கான போராட்டங்கள் காசநோயை ஒடுக்கிவிட்டன. நம்மைப் போன்ற நாடுகளிலோ காசநோய், எச்.ஐ.வி., சிலவகைப் பூஞ்சைத் தொற்று ஆகியன இன்னும் இச்சுரப்பியை அழிக்கின்றன. ஒரே உறுப்பு, ஒரே நோய். காரணத்தை நிர்ணயிப்பது வர்க்கம்.

இன்னொரு காரணம் மருந்துக்கடையில் இருக்கிறது. மூச்சிரைப்புக்கும் மூட்டுவலிக்கும் மருத்துவரின் சீட்டின்றியே ஸ்டீராய்டு மாத்திரைகள் கைமாறுகின்றன. தின்றவுடன் சுகம் தெரியும். மாதக்கணக்கில் தின்றால் அட்ரீனல் தன் வேலையை நிறுத்திவிடும். பிறகு காசில்லாமல் ஒருநாள் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடல் சரிந்துவிழும். சுவாசம் கெட்ட முன்னாள் சுரங்கத் தொழிலாளர் வாழும் ஊரில் இது சிறிய ஆபத்தன்று.

நோயின் அடையாளங்கள் வறுமையின் அடையாளங்களைப் போலவே இருப்பதுதான் இதன் கொடுமை. தீராத சோர்வு, உடல் மெலிவு, பசியின்மை, வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்றல், உப்பின்மேல் அடங்காத ஆசை, தோல் கறுத்தல். விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிவேலைக்குச் சென்று இரவில் திரும்பும் ஒருவர் சோர்ந்திருந்தால் யார் வியப்படைவார்? கறுத்த தோல் மேலும் கறுத்தால் வெயில் என்பார்கள். உள்ளங்கை ரேகையையும் ஈறுகளையும் நாக்கையும் பார்த்தால் அங்குள்ள கருமை வெயிலால் வந்ததன்று என்பது விளங்கும். ஆனால் பார்க்க ஒரு மருத்துவர் வேண்டும். அவருக்கு நேரமும் வேண்டும்.

சிகிச்சையிலும் ஒரு பொறி உண்டு. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின், அட்ரீனல் சுரக்கும் கார்டிசாலைக் கல்லீரல் விரைவாகச் சிதைக்கும்படி செய்கிறது. சுரப்பி பாதி பழுதுபட்ட நோயாளிக்கு இம்மாத்திரையைத் தொடங்கியதும் வாந்தியும் மயக்கமும் கூடலாம். 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று அவர் மாத்திரையை நிறுத்துவார். காசநோயும் தீராது, அட்ரீனல் நோயும் கண்டறியப்படாது. பிறகு ஒரு சாதாரண வயிற்றுப்போக்கிலோ காய்ச்சலிலோ இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிர் பிரியும்.

இத்தனைக்கும் இது சிகிச்சையுள்ள நோய். கார்டிசோன் கண்டுபிடிப்புக்கு 1950இலேயே நோபல் பரிசு வழங்கப்பட்டுவிட்டது. நெருக்கடி நேரத்தில் ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் உப்புநீரும் உயிரைக் காக்கும். பின்னர் நாள்தோறும் மாத்திரை. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும் என்ற அறிவுரை. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை. காசநோய் குணமானாலும் அழிந்த சுரப்பி மீள்வது அரிது என்பதால் மாத்திரை வாழ்நாள் முழுவதும் தேவை. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அறுபடாத மருந்து விநியோகமும் அருகில் ஒரு பொது மருத்துவமனையும் போதும்.

துல்லியமாக அதுதான் தங்கவயலிலிருந்து பறிக்கப்பட்டது. சுரங்கம் 1956இல் மைசூர் அரசின் கைக்கு வந்தது. 1962இல் ஒன்றிய அரசின் பொறுப்பாயிற்று. பொதுத்துறை நிறுவனத்தின் மருத்துவமனை, தூசிநோயை அறிந்த மருத்துவர்களைக் கொண்டிருந்தது. தாராளமயக் கணக்கில் சுரங்கம் நட்டமென்று எழுதப்பட்டபோது அம்மருத்துவமனையும் செயலிழந்தது. நோய் மட்டும் மூடப்படவில்லை. சிலிக்கோசிஸ் தூசியை விட்டு விலகிய பின்னும் முற்றும் நோய். வேலை போனபின்னும் அது தொழிலாளியின் உடலில் தொடர்கிறது.

'அரிய நோய்க்கு ஒரு கட்சி ஏட்டில் ஏன் இத்தனை வரிகள்?' என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. குடிநீர், ஓய்வூதியம், வீட்டுப்பட்டா என்று எரியும் பிரச்சினைகள் பல உள்ளன. ஆயினும் தேடாத நோய் எப்போதும் அரிதாகவே தோன்றும். சிலிக்கோசிசையும் கம்பெனி நிர்வாகம் ஒருகாலத்தில் மறுத்தது. எக்ஸ்ரே எடுத்தபின்தான் நூற்றுக்கு 44 என்று தெரிந்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை, சிலிக்கோசிசோடு சேர்ந்த காசநோயையும் தொழில்சார் நோயாக ஏற்றது. அச்சங்கிலியின் அடுத்த கண்ணியே அட்ரீனல் அழிவு. சட்டம் நுரையீரலோடு நின்றால், நம் கோரிக்கையும் அங்கேயே நிற்க வேண்டியதில்லை.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் வழக்காடி, 2018இல் ஆறு கம்பெனிகளை 500 கோடி ரேண்ட் இழப்பீட்டுக்கு இணங்கச் செய்தனர். அதில் சிலிக்கோசிசும் காசநோயும் அடங்கும். இறந்தோர் குடும்பங்களும் அடங்கும். நம் நாட்டில் ராஜஸ்தான் அரசும் 2019இல் தூசிநோயாளர்களுக்கெனத் தனிக்கொள்கை வகுத்தது. தங்கவயலின் சுரங்கமோ அரசின் உடைமையாக இருந்தது. அரசே முதலாளியாக இருந்த இடத்தில் பொறுப்பைத் தட்டிக்கழிக்க எந்தச் சாக்கும் இல்லை.

இதற்கிடையே 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, ஒன்றிய அரசின் முன்மொழிவை ஏற்று, 1,003 ஏக்கரில் கிடக்கும் 13 கழிவுமேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்க ஒப்புதல் அளித்தது. மக்கள் சயனைடு மலைகள் என்றழைக்கும் அம்மேடுகள் மாவாக அரைக்கப்பட்ட பாறைத்தூசி. வேலை வரட்டும்; நாம் எதிர்க்கவில்லை. ஆனால் தூசி யார் நெஞ்சுக்குள் போகும் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் ஒரு கூடை மண்ணும் அள்ளப்படக்கூடாது.

நம் கோரிக்கைகள் இவை. முன்னாள் தொழிலாளர் அனைவருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் சிலிக்கோசிஸ், காசநோய்ப் பரிசோதனை நடத்துக. காசநோயாளியிடம் அடங்காத சோர்வும் குறைந்த இரத்த அழுத்தமும் இருந்தால் காலைநேரக் கார்டிசால் அளவை அரசுச் செலவில் பார்த்திடுக. ஹைட்ரோகார்டிசோன் ஊசியைத் தங்கவயலின் ஒவ்வோர் அரசு மருத்துவ நிலையத்திலும் இருப்பில் வைத்திடுக. கழிவுமேட்டு வருவாயில் ஒரு பங்கைத் தூசிநோய் நிதியாக ஒதுக்கிடுக. காசநோயாளியின் ஊட்டச்சத்துக்கென மாதம் 1,000 ரூபாய் தந்துவிட்டு, 2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்று முழங்கிய ஒன்றிய அரசு, உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர் என்பதற்குப் பதில் சொல்லட்டும்.

கிளைத் தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஓய்வூதிய மனு எழுத வீடுவீடாகச் செல்லும்போது, சோர்ந்து கறுத்து மெலிந்தவர் யாரேனும் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக வாங்காதீர், வாங்கித் தின்றுவருவோர் திடீரென நிறுத்தாதீர் என்று சொல்லுங்கள். மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். தூசி தேடிச் சென்ற வீடுகளுக்கெல்லாம் சங்கமும் சென்றாக வேண்டும்.