மெலிந்த தாங்கி

நமது கல்லூரி முற்றத்து வேப்பமர நிழலில் ஒரு காலத்தில் சைக்கிள்களே வரிசை வரிசையாக நின்றன. இன்று அவ்விடத்தை மோட்டார் சைக்கிள்கள் கைப்பற்றிக்கொண்டன. அவற்றுள்ளும் சில ஆண்டுகளாக ஒரு தனி வகை தலைகாட்டி வருகின்றது. உயர்ந்த இருக்கையும், பருத்த பற்களையுடைய டயர்களும், தரையினின்று ஏறக்குறைய ஒரு சாண் எழும்பிய அடிவயிறும் உடைய அவ்வண்டிகள், தார்ச்சாலையை விட்டிறங்கி மேடும் பள்ளமும் மணலும் கல்லும் கடந்து செல்லுதற்கென்றே அமைந்தவை. இளைஞர் உள்ளத்தை அவை கவர்வதில் வியப்பொன்றுமில்லை. நாமும் அவ்வாசைக்குப் புறம்பானவர் அல்லேம்.

ஆயினும் அவ்வண்டிகளின் ஓர் உறுப்பைக் குறித்து நம்மிடையே ஓயாத முறையீடு கேட்கின்றது. வண்டியை நிறுத்துங்கால் இடப்புறத்திற் காலால் தள்ளி ஊன்றும் தாங்கியே அது. நம்மவர் 'சைடு ஸ்டாண்டு' என வழங்குவது. "இத்தனை பெரிய வண்டிக்கு இத்துணை மெல்லிய காலா?" என்று கேளாதார் இல்லை. இம்முறையீட்டில் உள்ள நியாயம் எவ்வளவு, பழி யாரைச் சாரும், செய்யத்தக்கது யாது என்பனபற்றி நமது கருத்தை இங்குக் கூற விரும்புகின்றோம்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலிற் சொல்லிவிடுதல் முறையாகும். 2023 ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் நம்முள் நால்வர் மூன்று வண்டிகளிற் புறப்பட்டு, திருச்செந்தூர் வட்டாரத்திலுள்ள குதிரைமொழித் தேரியின் ஓரமாகச் செல்லும் வண்டித்தடத்தை அடைந்தோம். தேரி என்பது காற்றாற் குவிக்கப்பட்ட செம்மணற் பரப்பு என்பதை அந்நாட்டு அன்பர்கள் நன்கறிவர். நண்பகலில் ஒரு பனைக் கூட்டத்தருகே வண்டிகளை நிறுத்தினோம். இருபுறமும் பைகள் தொங்கிய வண்டி ஒன்றன் பின்சக்கரத்தருகே, அதன் இடப்புற நிழலில், நம்மில் இளையவர் அமர்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். அவ்வேளையில் மற்றொருவர், தாங்கியில் நின்ற அதே வண்டியின் இடது கால்மிதியில் ஊன்றி ஏறி, இருக்கையில் அமர முயன்றார். தாங்கியின் பாதம் மணலிற் புதைந்தது. அதன் தண்டு வளைந்தது. வண்டி இடப்புறமாகச் சாய்ந்தது. ஏறியவர் குதித்துத் தப்பினார். கீழே இருந்தவரின் கணுக்கால் அகப்பட்டுக்கொண்டது.

அருகிற் பனைத்தொழில் செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஓடிவந்து வண்டியைத் தூக்க உதவினார். பின்னர் அவர், நின்றுகொண்டிருந்த மற்ற இரு வண்டிகளின் தாங்கிகளுக்கும் அடியில் ஒவ்வொரு பனைமட்டையைச் செருகி, "இதன்மேல் ஊன்றுங்கள், தம்பி, தேரி மண் ஆளையே உள்ளே இழுக்கும், இரும்பை விடுமா?" என்றார். நம் இளைய நண்பர் ஆறு வாரம் மாவுக்கட்டுடன் கிடந்தார். கல்லூரிக் கால்பந்துக் குழுவில் அவருக்குரிய இடம் அவ்வாண்டு வேறொருவருக்குப் போயிற்று. அன்று மாலை அவருடைய தாயாரிடம் தொலைபேசியிற் செய்தி சொல்ல நேர்ந்தபோது, "நின்ற வண்டி எப்படி ஐயா விழும்?" என்று அவ்வம்மையார் கேட்டார். அக்கேள்விக்கு அப்போது நம்மிடம் விடையில்லை. இக்கட்டுரையை அதற்குக் காலந்தாழ்ந்த விடையென்றே கொள்ளலாம்.

முதலில் நாமும் பிறரைப்போல வண்டி செய்தவரையே வைதோம். பின்னர்ப் பொறுமையுடன் ஆராய்ந்தபோது, அத்தாங்கியின் மெலிவுக்கு ஒரு வரலாறு உண்டென்பதை உணர்ந்தோம்.

கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டிகளிற் பந்தயத் திடலுக்கென்றே ஆனவற்றுக்குத் தாங்கியே கிடையாது. ஓடி முடிந்ததும் அவற்றை எஞ்சினுக்கடியில் ஒரு பெட்டிபோன்ற பீடத்தின்மேல் தூக்கி வைப்பர். காடுமலைகளினூடே நெடுந்தூரம் ஓடும் போட்டி வண்டிகளுக்கோ, வழியில் நிறுத்த வேண்டியிருத்தலின், பெயரளவில் ஒரு தாங்கி அமைப்பர். அது கனமாயின் வண்டியின் வேகம் குறையும். அகன்றதாயின் கல்லிலும் வேரிலும் சிக்கும். மடக்க மறந்து புறப்படின் இடப்புறத் திருப்பத்தில் தரையை இடித்து ஓட்டுநரைத் தூக்கி எறியும். ஆதலின் அதனை மெல்லியதாகவும், சிறியதாகவும், சில வண்டிகளிற் பாரம் நீங்கியவுடன் தானே மடங்குவதாகவும் அமைத்தனர். அத்தொழிலுக்கு அது பொருத்தமே.

1968 இல் ஜப்பானிய யமஹா நிறுவனம் டி.டி.1 என்னும் வண்டியை வெளியிட்டபின், இவ்வகை வண்டிகள் பந்தயக்காரரிடமிருந்து பொதுமக்கள் கைக்குப் பெருவாரியாக வந்தன. 1978 டிசம்பரில் பாரிஸ் நகரினின்று டக்காருக்குப் புறப்பட்ட முதற் பந்தயத்தில் சிரில் நெவு என்பார் யமஹா எக்ஸ்.டி.500 வண்டியில் வென்றது, பாலைவனம் கடக்கும் ஆசையை உலகெங்கும் எழுப்பிற்று. அதன்பின் இத்தகைய வண்டிகள் பயணிகளின் மூட்டை முடிச்சுகளைச் சுமக்கத் தொடங்கின. போட்டி வண்டி ஒன்றன் எடை ஏறத்தாழ 110 கிலோகிராம் இருக்கும். நம் நாட்டில் 2019 இல் வெளிவந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஏறத்தாழ 154 கிலோகிராம். 2016 இல் சென்னையின் ராயல் என்பீல்டு நிறுவனம் வெளியிட்ட ஹிமாலயன் ஏறத்தாழ 190 கிலோகிராம். பின்னதற்கு நடுத்தாங்கியும் உண்டு. இவற்றைக் குறைகூறுதல் நமது கருத்தன்று. எடையின் வேற்றுமையைக் காட்டவே கூறினோம். வண்டி கனத்தது, பைகள் ஏறின, ஆனால் சில வண்டிகளில் தாங்கி மட்டும் பழைய பந்தய நாளின் மெலிவோடே தங்கிவிட்டது. குறையின் வேர் இங்கேதான் உள்ளது.

நிற்க. தாங்கி எவ்வாறு பாரம் தாங்குகின்றது என்பதையும் சிறிது நோக்குவோம். சாய்ந்து நிற்கும் வண்டியின் பாரத்திற் பெரும்பகுதியை இரண்டு சக்கரங்களே சுமக்கின்றன. தாங்கிக்கு வருவது ஒரு பங்குதான். ஆனால் ஒருவர் இடது கால்மிதியில் ஏறி நிற்பாராயின், அம்மிதி தாங்கியின் பாதத்துக்கு ஏறக்குறைய நேர்மேலே இருத்தலின், அவருடைய எடை முழுதும் அநேகமாகத் தாங்கியின்மேலேயே இறங்கும். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஏறினால், தாங்கி முன் சுமந்ததினும் இரண்டு மூன்று மடங்கு சுமக்க நேரலாம். அன்றியும் உயர்ந்த வண்டிக்குத் தாங்கி நீண்டதாக இருத்தல் வேண்டும். நீளம் மிக மிக அதன் கீலில் விழும் முறுக்கும் மிகும்.

பாதத்தின் செய்தியும் இத்தகையதே. நான்கு சென்டிமீட்டர் அகலமும் ஐந்து சென்டிமீட்டர் நீளமும் உள்ள பாதத்தின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 40 கிலோகிராம் இறங்குவதாகக் கொண்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 2 கிலோகிராம் ஆகின்றது. அகலத்தையும் நீளத்தையும் இருமடங்காக்கினால் அது அரைக் கிலோகிராமாகக் குறையும். பெளதிக வகுப்பில் நாம் பயின்ற இக்கணக்கைப் பனைமட்டை செருகிய பெரியவர் ஏட்டிற் படித்தவரல்லர். எனினும் அதனைச் செயலில் அறிந்தவர் அவரே, பயின்ற நாம் அல்லேம்.

இனி, நண்பர் பலர் கூறும் பரிகாரத்தை நோக்குவோம். "தாங்கியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கனத்த இரும்பால் ஒன்று செய்து மாட்டுக" என்பர். நம் பழைய மாணவர் ஒருவர் அவ்வாறே செய்தார். பட்டறையில் விரற்கடைப் பருமனுள்ள இரும்புத் தண்டைப் பற்றவைத்து மாட்டிக்கொண்டு பெருமிதத்துடன் மலைப்பாதை ஏறினார். ஓடை ஒன்றைக் கடக்கும்போது அத்தாங்கி பாறையில் மோதிற்று. புதிய தண்டு சிறிதும் வளையவில்லை; அது வளையாமையால், அதனைப் பிடித்திருந்த எஞ்சின் கூட்டின் காது பிளந்தது. எண்ணெய் முழுதும் ஓடையிற் கலந்தது. சில நூறு ரூபாயில் தீரவேண்டிய பழுது பல ஆயிரம் ரூபாயை விழுங்கிற்று. வண்டியைச் சரக்கு வண்டியில் ஏற்றிக் கொணர நேர்ந்தது. மெலிந்த தாங்கி இருந்திருப்பின் அதுவே வளைந்து எஞ்சினைக் காத்திருக்கும்.

இதனால் நாம் கொள்ளும் முடிபு யாதெனின், மெலிவு மட்டும் குற்றமாகாது. வலிவு மட்டும் குணமாகாது. முறிய வேண்டிய இடர் வரின், மலிவானதும் எளிதில் மாற்றத்தக்கதுமான உறுப்பே முறிதல் வேண்டும். அவ்வுறுப்பும் வார்ப்பு அலுமினியத்தால் ஆகாமல் எஃகால் ஆயின் நன்று. வார்ப்பு அலுமினியம் முன்னறிவிப்பின்றி முறியும். எஃகு வளைந்து எச்சரிக்கும். வளைந்ததை எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் நிமிர்த்தவும் பற்றவைக்கவும் கூடும்.

வண்டி செய்வோருக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் மூன்று. தாங்கியின் காதை எஞ்சின் கூட்டிற் பொருத்தாது வண்டியின் சட்டத்திலேயே பொருத்துக. பாதத்தை மணலுக்கும் சேற்றுக்கும் ஏற்ற அகலமுடையதாகச் செய்க. தாங்கி எவ்வளவு பாரம் பொறுக்கும் என்பதைக் கைந்நூலின் மூலையில் ஒளிக்காது, வண்டியின்மேலேயே எழுதி ஒட்டுக. தாங்கி வண்டியின் எடைக்கு மட்டுமே ஆனது என்று சில கைந்நூல்களிற் கண்டுள்ளது உண்மையே. ஆயின் மலையுச்சியில் மூட்டையேற்றிய வண்டியின் படத்தைக் காட்டி விற்போர், அம்மூட்டையைத் தாங்கி சுமவாது என்பதையும் அதே குரலிற் சொல்லுதல் அன்றோ நேர்மை?

வண்டி உடையோராகிய நம் கடமையும் சிறிதன்று. தாங்கியில் நிற்கும் வண்டிமேல் ஏறுதலும், அமர்ந்து பொழுது போக்குதலும் அறவே ஒழிக. தரையில் இரு கால்களையும் ஊன்றி, வண்டியை நிமிர்த்திய பின்னரே தாங்கியை மடக்கி ஏறுக. திங்கட்கு ஒருமுறையேனும் கீலின் போல்ட்டையும் நட்டையும் ஸ்பானரால் இறுக்கிப் பார்த்து, மண்ணைத் துடைத்து, கிரீஸ் இடுக. சுருள்வில் தளர்ந்ததாயின் உடனே மாற்றுக. குலுங்கும் பாதையிலே தாங்கி தானே கீழிறங்காதிருக்க ஒரு ரப்பர் வாரால் அதனைக் கட்டுக. அகன்ற தகடொன்றைப் பாதத்திற் பொருத்திக்கொள்க. இயலாவிடின் ஒரு பலகைத் துண்டைப் பையில் வைத்திருக்க. மூட்டை ஏறியபோது வண்டியின் வில்கள் அமுங்குதலின், தாங்கி நீண்டதுபோலாகி வண்டி மிக நிமிர்ந்து நிற்கும். அந்நிலையில் ஒரு காற்று அடித்தாலும் வலப்புறம் விழும். ஆதலின் பாரம் ஏற்றிய பின்னும் ஒருமுறை சாய்வைச் சரிபார்க்க. சரிவான இடத்தில் வண்டியின் முகம் மேட்டை நோக்கி நிற்கட்டும். முதற் கியரும் விழுந்திருக்கட்டும். எல்லாவற்றினும் மேலாக, நின்ற வண்டி சாயக்கூடிய பக்கத்தில் ஒருவரையும், குழந்தைகளைச் சிறப்பாக, அமரவிடாதீர்.

இவற்றுள் ஒன்றேனும் பெரும்பொருட் செலவுடையதன்று. ஆயினும் நம் மாணவ நண்பர்கள் விளக்குகளுக்கும் ஓசைக் குழாய்களுக்கும் செலவிடும் பணத்தில் நூற்றில் ஒரு பங்கையேனும் தாங்கிக்குச் செலவிடக் காண்கிலேம். ஓடும் வண்டியில் அஞ்சி விழிப்புடன் இருக்கின்றோம். நின்ற வண்டியிடம் அவ்விழிப்பைக் கைவிடுகின்றோம். நம் நண்பரின் கணுக்கால் முறிந்தது ஓடும் வண்டியால் அன்று.

அவ்வம்மையாருக்கு இன்று நாம் சொல்லக்கூடிய விடை இதுவே: மண் மெத்தென்றிருந்தது, பாதம் சிறிதாயிருந்தது, பாரம் மிகுதியாயிருந்தது, இம்மூன்றையும் ஏறியவர் எண்ணவில்லை, உடனிருந்த நாமும் எண்ணவில்லை. செய்தவர் பங்குக்குக் குறை உண்டு. நம் பங்கு அதனிற் பெரிது. நண்பர் மீண்டும் பந்தாடுகின்றார் என்பது நமக்கு ஆறுதல். நமது மூன்று வண்டிகளிலும் இப்போது உள்ளங்கை அகலத் தகடுகள் பொருந்தியிருக்கின்றன. அவற்றோடு அன்று அப்பெரியவர் தந்த பனைமட்டைகளுள் ஒன்றும் பையிற் கிடக்கின்றது. வரும் விடுமுறையிற் காடுமேடு காணப் புறப்படும் அன்பர்கள், புறப்படுமுன் ஒரு கணம் குனிந்து தம் வண்டியின் தாங்கியைப் பார்ப்பாராயின், நாம் எழுதியது வீண்போகாது.