வீட்டுக்காரர் இருக்கும் வீடு

பென்ஷன் வாங்குகிற நம் வயதுக்காரர்கள் வெளிநாடு போவது இப்போதெல்லாம் அதிசயமில்லை. ஆனால் பெரும்பாலும் போகிற விதம் ஒன்றுதான். டூர் கம்பெனி, ஊருக்கு வெளியே பெரிய ஹோட்டல், காலை எட்டு மணிக்குப் பஸ், மதியம் தேடிப்பிடித்து நம் ஊர்ச் சாப்பாடு, இரவு மறுபடி அதே ஹோட்டல். அதில் தப்பு ஒன்றுமில்லை. மாத்திரை டப்பாவோடு கிளம்புகிறவர்களுக்கு அது நிம்மதிதான். ஆனாலும் என் கட்சி வேறு. மாடிப்படி ஏற முடிகிறவர்கள், ஒரு ஊரைக் கொஞ்சமாவது தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள், ஊர் நடுவே சந்தடியான தெருவில், ஒரு குடும்பம் குடியிருக்கிற வீட்டில் தங்க வேண்டும். 'குடும்பம் குடியிருக்கிற' என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். ஹோம்ஸ்டே என்று பலகை மாட்டிய இடமெல்லாம் வீடு ஆகிவிடாது.

நானும் என் மனைவியும் வியட்நாம் தலைநகர் ஹனோயில் 9 நாட்கள் அப்படித் தங்கினோம். அந்த ஊரின் பழைய பகுதியை '36 தெருக்கள்' என்பார்கள். எண்ணிப் பார்த்தால் அதற்கு மேலேயே இருக்கும். பல தெருக்களின் பெயர் 'ஹாங்' என்று தொடங்குகிறது. சரக்கு என்று அர்த்தம். ஹாங் பாக் என்றால் வெள்ளி, ஹாங் தியெக் என்றால் தகரம், ஹாங் மா என்றால் முன்னோர்களுக்கு எரித்துப் படைக்கும் காகிதப் பொருட்கள். நம் மண்ணடியில் பவளக்காரத் தெரு என்று பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்கே தகரத் தெருவில் இன்றும் சுத்தியல் சத்தம் கேட்கிறது.

வீடுகள் ரயில் பெட்டி மாதிரி. தெருப்பக்கம் சில அடி அகலம்தான், உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். ஆளுக்கொரு கடைவாசல் வேண்டும் என்பதால் இப்படிக் கட்டினார்கள் என்கிறார்கள். பழைய வீடுகளில் நடுவே நம் முற்றம் போலவே வானம் பார்த்த திறப்பு உண்டு. மா மே தெருவில் 87-ஆம் எண் வீட்டைப் புதுப்பித்துப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள், போனால் பாருங்கள். நாங்கள் தங்கியது அதே அச்சில் பிற்காலத்தில் எழுப்பிய நான்கு மாடி வீடு. கீழே கடை, மேலே குடும்பம், அதற்கும் மேலே விருந்தாளிகளுக்கு மூன்று அறை. உச்சி மாடியில் முன்னோர் படம் வைத்த பீடம், அதன் முன் ஊதுவத்தியும் பழமும். லிஃப்ட் கிடையாது. வாடகை, காலை உணவோடு, இருவருக்கும் ஒரு நாளைக்கு 2,000 ரூபாய்க்குள் முடிந்தது.

"சத்தத்தில் எப்படித் தூங்கினீர்கள்?" இதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. நியாயமான கேள்வி. தா ஹியென் தெருப் பக்கம் மாலையானால் தரையோடு தரையாகச் சின்னப் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, 'பியா ஹோய்' என்கிற மலிவான பீரை ஊற்றிக் கொடுப்பார்கள். வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றி வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கே தெருவை விட்டுவிடுகிறார்கள். பாட்டு, ஆட்டம், குழந்தைகள், கூட்டம். ஆனால் எங்களைப் பார்த்ததுமே அந்த வீட்டு அம்மா ஒரு முடிவு செய்துவிட்டார். தெருப்பக்க அறையை இளைஞர்களுக்குக் கொடுத்துவிட்டு, எங்களுக்கு இரண்டாம் மாடியில் பின்பக்க அறை. தன் வீட்டில் எந்த அறையில் எந்த நேரம் எந்தச் சத்தம் வரும் என்பது அங்கே தூங்குகிறவருக்குத்தான் தெரியும். ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அறை எண் மட்டும்தான் தெரியும்.

இன்னொரு விஷயம். வியட்நாம் மொழியில் 'நீங்கள்' என்று பொதுவாக ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாது. உறவுமுறை சொல்லித்தான் பேச வேண்டும். அதனால் பழகியவுடன் வயதைக் கேட்டுவிடுவார்கள், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் வயதைச் சொன்னதும் நான் 'ஓங்', அதாவது தாத்தா. என் மனைவி 'பா', பாட்டி. கல்லூரியில் படிக்கிற அந்த வீட்டுப் பெண்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். அவள் தன்னைப் பேத்தி என்று சொல்லிக்கொண்டுதான் எங்களோடு பேச்சையே ஆரம்பித்தாள். முப்பத்தைந்து வருஷம் ஆபீசில் 'சார்' கேட்டுச் சலித்த காதுக்கு இது எவ்வளவு பெரிய மாறுதல் என்று ரிட்டயர் ஆனவர்களுக்குப் புரியும்.

ஆறாம் நாள் ராத்திரி என் மனைவிக்கு வயிறு கெட்டுவிட்டது. இரண்டு மணி இருக்கும். குளியலறை விளக்கு எரிந்து எரிந்து அணைவதைப் பார்த்து வீட்டு அம்மாவே மாடியேறி வந்தார். இஞ்சித் தண்ணீர் கொடுத்தார். விடிந்ததும் அரிசிக் கஞ்சி. அந்தக் கஞ்சிக்கு அவர்கள் மொழியில் 'சாவ்' என்று பெயர். படுத்திருக்கும் நோயாளியிடம் வந்து "சாவ், சாவ்" என்று ஒருவர் அன்போடு சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்! என் மனைவி அந்த வலியிலும் சிரித்துவிட்டாள். மத்தியானம் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் எங்களுக்கு உண்டு. அதற்கு முந்தைய வருஷம், வேறொரு நாட்டில் (பெயர் வேண்டாம்), அதே 'ஹோம்ஸ்டே' என்ற பெயரில் ஒரு பிளாட். வாசலில் நம்பர் அமுக்கினால் திறக்கும் பூட்டு. உள்ளே அழகான சோபா, சுவரில் படம், ஆள் கிடையாது. ராத்திரி குழாய் உடைந்து தண்ணீர் கொட்டியது. போனில் செய்தி அனுப்பினால், எங்கோ இன்னொரு ஊரிலிருந்து யாரோ, "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று பதில் போடுகிறார். விடியும் வரை பக்கெட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு உடைந்தது குழாய். அதே ராத்திரி உடம்புக்கு ஏதாவது வந்திருந்தால்? நம் வயதில் இந்தக் கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது.

இது நம் சௌகரியம் மட்டும் சம்பந்தப்பட்டதல்ல. அந்தப் பிளாட் இருந்த கட்டடத்தில் படியேறும்போது எதிரே வந்த ஒரு கிழவி எங்கள் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. கோபப்பட என்ன இருக்கிறது? அவர் பக்கத்து வீட்டில் வாராவாரம் புது முகம், ராத்திரி பெட்டி இழுக்கும் சத்தம். தன் பேரன் வாடகைக்கு வரக்கூடிய வீட்டில் எங்களைப் போன்றவர்கள் மூன்று நாள் தங்கிவிட்டுப் போகிறோம். இந்தக் கோபம் இன்று பல ஊர்களில் வெளிப்படையாகவே வந்துவிட்டது. 2024 ஜூலையில் பார்சிலோனாவில் ஊர்வலம் போனவர்கள், சாப்பிட்டுக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணிகள் மேல் விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் அந்நகர மேயர், சுற்றுலாவுக்கு விடப்படும் 10,101 வீடுகளின் உரிமங்களையும் 2028 நவம்பருக்குள் முடித்துவிடப்போவதாக அறிவித்திருந்தார்.

நியூயார்க் வேறு வழியில் போனது. 2023 செப்டம்பர் முதல் அங்கே 30 நாளுக்குக் குறைவாக ஒருவரைத் தங்கவைக்க வேண்டுமானால், வீட்டில் குடியிருப்பவரும் அப்போது அங்கேயே இருக்க வேண்டும், விருந்தாளிகள் இரண்டு பேருக்கு மேல் கூடாது, பதிவும் செய்திருக்க வேண்டும் என்று சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. விருந்தாளி வரட்டும், ஆனால் வீட்டுக்காரர் வெளியேறிவிட்ட வீட்டுக்கு வர வேண்டாம் என்பது நியாயமான கோடு. சட்டம் இல்லாத ஊரிலும் அந்தக் கோட்டை நாமே போட்டுக்கொள்ளலாமே.

ஹோம்ஸ்டேக்கு எதிராக நண்பர்கள் சொல்வதையும் ஒதுக்கிவிடக் கூடாது. "அடுத்தவர் வீட்டில் ஒடுங்கிக்கொண்டு இருக்க வேண்டுமே" என்கிறார்கள். உண்மை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும் (நமக்கு அது பழக்கம்தான்), அவர்கள் கதவடைக்கும் நேரத்துக்குத் திரும்ப வேண்டும், துணியைக் கண்ட இடத்தில் காயப்போட முடியாது. காசு கொடுத்தும் கட்டுப்பாடா என்று கேட்கிறவர்களுக்கு ஹோட்டல்தான் நல்லது.

"சாப்பாடு?" சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஹனோய் கஷ்டம்தான். எதில் பார்த்தாலும் மீன் சாறு. ஆனால் 'சாய்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது, சைவம் என்று அர்த்தம். சந்திர மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே பலர் சைவம்தான் சாப்பிடுகிறார்கள், நம் வீடுகளில் அமாவாசை மாதிரி. அந்த நாள் எங்கள் தங்கலில் ஒன்று வந்தது. உச்சி மாடிப் பீடத்தில் படைத்த பிறகு எங்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். சோயா பாலாடை, காளான், கீரை, சோறு. மீதி நாட்களுக்கும் அந்த வீட்டுப் பெண் ஒரு துண்டுச் சீட்டில் எங்களுக்கு என்னென்ன ஆகாது என்று எழுதிக் கொடுத்தாள். அந்தச் சீட்டைக் காட்டியே தெருவில் சாப்பிட்டோம்.

"பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்களாமே?" வியட்நாமில் வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் இடம் கொடுத்தவர் போலீசில் பதிய வேண்டும் என்பது சட்டம். அதற்காகத்தான் கேட்கிறார்கள். பதிந்ததும் திரும்பக் கேட்டு வாங்கிவிடுங்கள். பதியாமலே "பரவாயில்லை, வாங்க" என்று சொல்லும் இடத்தில்தான் யோசிக்க வேண்டும்.

எனக்கே கலக்கம் தந்த விஷயம் ஒன்று உண்டு. 2023 செப்டம்பரில் ஹனோயின் தான் சுவான் வட்டாரத்தில், குறுகிய சந்தில் இருந்த ஒரு அடுக்குக் கட்டடத்தில் இரவில் தீப்பிடித்து 56 பேர் இறந்துபோனார்கள். திருட்டுக்குப் பயந்து பால்கனிகளை இரும்புக் கம்பியால் கூண்டு போல அடைக்கும் வழக்கம் அந்த ஊரில் உண்டு. ஒரே படிக்கட்டு, கீழே நிறைய மோட்டார் சைக்கிள் என்றால் ஆபத்து எப்படி வரும் என்று விளக்க வேண்டியதில்லை. மலிவு என்பதற்காக இதைப் பாராமல் விடக் கூடாது. நாங்கள் போன வீட்டில் பின் பால்கனிக் கம்பியில் ஒரு கதவு வைத்து, சாவியை அருகிலேயே மாட்டியிருந்தார்கள். முதல் நாளே அந்த அம்மா எங்களைக் கூட்டிப்போய்த் திறந்து காட்டினார். தானும் தன் பெண்ணும் அதே வீட்டில் தூங்குகிறவர் அல்லவா, அந்தக் கதவு அவருக்கும் உயிர்.

ஆகவே, போக நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். வீட்டுக்காரர் ராத்திரி அதே வீட்டில் தூங்குகிறாரா? எங்கள் அறைக்கு எத்தனை படி? தெருப்பக்கமா, பின்பக்கமா? தீ என்றால் வெளியேற இரண்டாவது வழி எது? முதல் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் மற்ற மூன்றையும் கேட்க வேண்டாம், வேறு இடம் பாருங்கள். பதில் 'ஆமாம்' என்று வந்தால், முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு கிளம்புங்கள். பெட்டியில் அவர்கள் வீட்டுக்கு என்று கொஞ்சம் முந்திரியும் ஒரு நல்ல ஊதுவத்திப் பாக்கெட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளியாகப் போகிறோம், வெறுங்கையோடு போவது நம் வழக்கமில்லை.