முதலில் பட்டியலைத் திருத்துங்கள்

கதவு எண் 12/5 என்று எக்செல் தாளில் அடித்துப் பாருங்கள். எண்டர் தட்டியதும் அது மே 12 ஆகிவிடும். பழைய எண், புது எண், உட்பிரிவு என்று சாய்கோடு போட்டே எழுதும் நம் முகவரிகளுக்கு இது தினசரி ஆபத்து. அந்தத் தாளை வேர்டோடு இணைத்து, ஒரே கடிதத்தைப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவர் பெயருக்கும் தயாரிக்கும் மெயில் மெர்ஜ் போட்டால், தேதியைக் கதவு எண்ணாகச் சுமந்துகொண்டு கடிதம் புறப்பட்டுவிடும்.

பாளையங்கோட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். பள்ளிகள், சங்கங்கள், சீட்டு நடத்துகிறவர்கள் என்று பலரும் வருவார்கள். "வேர்டு சரியில்லக்கா, மெர்ஜ் போட்டா தேதியெல்லாம் மாறுது" என்பார்கள். பிறகு அச்சுக்குத் தயாரான கடிதங்களில் ஒவ்வொன்றாகக் கையால் திருத்துவார்கள். அடுத்த மாதமும் அதே பிழை வரும். இந்தப் பழக்கத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். கூட்டத் தேதி மாறிப்போன கடிதத்தை நம்பி பஸ் ஏறி வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போகிறது.

எக்செல் தேதியை ஓர் எண்ணாகவே சேமிக்கிறது. 2024 மே 12 என்பது அதற்கு 45424. நமக்குத் தெரியும் வடிவம் மேல்பூச்சு மட்டுமே. வேர்டு 2002 பதிப்பிலிருந்து, நாம் வேறு வழி கேட்காதவரை, அந்தப் பூச்சை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் மதிப்பையே எடுக்கிறது. அதனால் மாதம் முன்னால் வந்து நிற்கிறது, தொகையில் பைசா இடம் தவறுகிறது. இதைச் சரிசெய்ய, மாதிரிக் கடிதத்தில் ஆல்ட், எஃப்9 அழுத்தினால், பட்டியலின் தகவல் வந்து உட்காரும் புலத்தின் குறியீடு தெரியும். புலப்பெயருக்குப் பின் இடப்பக்கம் சாயும் கோடும் 'அட்' குறியும் போட்டு, நாள், மாதம், ஆண்டு வரிசையை மேற்கோளுக்குள் எழுத வேண்டும். மாதத்துக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து 'எம்'. சின்ன எழுத்து போட்டால் நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். இதை ஒருமுறை செய்து சேமித்தால் போதும்.

கதவு எண்ணுக்கு அந்த வைத்தியம் பலிக்காது. தேதியாக மாறிய பிறகு 'டெக்ஸ்ட்' என்று மாற்றினால் 45424 போன்ற ஓர் எண்தான் கிடைக்கும். அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கிவிட வேண்டும். வங்கிக் கணக்கு எண்ணுக்கும் இதுவே வழி. எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகும். பணம் சம்பந்தப்பட்ட கடிதத்தில் இதைவிட மோசமான பிழை எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு தொல்லை எழுத்துரு. பட்டியலைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள், கடிதம் யூனிகோடில் இருக்கும். சேர்த்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியல். அந்தப் புலத்துக்கு மட்டும் பாமினி போட்டுச் சமாளிக்கிறவர்கள் உண்டு. அந்தப் பட்டியலில் யூனிகோடில் அடித்து ஒரு பெயரைத் தேடக்கூட முடியாது. யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே தரமாக அறிவித்துவிட்டது. எழுத்துரு மாற்றியில் போட்டு முழுப் பட்டியலையும் ஒரே தடவையில் மாற்றிவிடலாம். மாற்றியபின் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவர் பெயர்களை வரிவரியாகப் படித்தாக வேண்டும். சில மாற்றிகளில் 'ஸ்ரீ' உடைந்து வரும். அப்படிப் படித்துச் சரிபார்க்க ஊழியருக்கு அரை நாளாவது ஒதுக்கித் தருவது மேலதிகாரியின் பொறுப்பு.