திரையிலும் தமிழே ஒலிக்க!

கொடுங்கையூரிலும் அதனை அடுத்த மணலி, திருவொற்றியூர்த் தொழிற்பகுதிகளிலும் தமிழ் வணிகர் நேரில் கூடினால் தமிழில் பேசுகின்றனர். காணொலித் திரைமுன் அமர்ந்தாலோ ஆங்கிலத்துக்குத் தாவுகின்றனர். இஃதென்ன மயக்கம்!

2013-ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டத்தின் 173-ஆம் பிரிவு, இயக்குநர்கள் காணொலிவழியே கூட்டத்திற் கலந்துகொள்ள இடந்தந்தது. பெருந்தொற்று பரவிய 2020-இல் பங்குடையார் பொதுக்கூட்டங்களும் திரைக்கு வந்தன. கருவிக்கு மொழி வேற்றுமையில்லை. எம்மொழி ஒலியையும் அஃது அவ்வாறே கடத்தும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனமே அத்தகு மென்பொருளை ஆக்கி உலகெங்கும் விற்கின்றது.

குறை நம் நாவிலன்றோ? புரியாமல் தலையசைப்பவன் உடன்பட்டவனாகவே கொள்ளப்படுவான். விலையும் கெடுவும் பிறர் சொற்படி முடியும். பிறமொழியாளரோடு ஆங்கிலம் பேசுக. தமிழரொடு தமிழர் பேச அஃதெதற்கு? கூட்டக் குறிப்பும் தமிழிலேயே எழுதப்படுக! திரையில் தோன்றுவது தமிழ்முகமாயின், ஒலிப்பதும் தமிழாகுக!