யானை செத்தா ட்ரூயிட்டும் சாகணுமா?

ஹாஸ்டல் மெஸ்ஸில் நடந்த பெரிய சண்டை எது என்று கேட்டால் சாம்பார், சப்பாத்தி என்று நீங்கள் ஆளுக்கொரு கதை சொல்வீர்கள். என்னைக் கேட்டால் யானை என்பேன். அதுவும் இல்லாத யானை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில், ஒரு ட்ரூயிட் உருமாறி நின்ற யானை. அந்தச் சண்டையில் தப்பு என்னுடையது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

விளையாடாதவர்களுக்காக ரெண்டே வரி. இந்த ஆட்டத்தில் போர்டு, காய் எல்லாம் கட்டாயம் இல்லை. ஒருவர் டி.எம்., அதாவது கதையை நடத்துபவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வோம், பலிக்குதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஹிட் பாயிண்ட் உண்டு. அது பூஜ்யமானால் விழுந்துவிடுவார்.

எங்கள் மேசைக்கு நான்தான் டி.எம். எல்லாரும் 12-ஆம் லெவல். சீனியர்கள் விட்டுப்போன 2014 பதிப்பின் பழைய அச்சுதான் எங்கள் வேதம்.

முதல் வாரம். ஃபைட்டருக்கு 12 ஹிட் பாயிண்ட்தான் மிச்சம். விசார்ட் அவன்மேல் பாலிமார்ஃப் போட்டு ராட்சசக் குரங்காக மாற்றினான். அந்தக் குரங்குக்கு 157 ஹிட் பாயிண்ட். அது அடி வாங்கி வாங்கி 5-க்கு வந்தபோது 22 புள்ளிக்கு ஒரு அடி விழுந்தது. விதிப்படி குரங்கு 5-ஐ வாங்கிக்கொள்ளும், மிச்சம் 17 சொந்த உடம்புக்குப் போகும். ஃபைட்டரிடம் இருந்ததோ 12. விழுந்திருக்க வேண்டும். "விடுங்கடா, குரங்கோட போகட்டும்" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

அடுத்த வாரம். ட்ரூயிட் வைல்ட் ஷேப்பில் யானையாக நிற்கிறான். 76 ஹிட் பாயிண்ட் யானைக்கு 30 மிச்சம். சொந்த உடம்பில் 80 பத்திரமாக இருக்கிறது. வில்லன் டிஸின்டிகிரேட் மந்திரம் போட்டான், 70 புள்ளி. புத்தகத்தைத் திறந்தேன். இந்த அடியால் பூஜ்யத்துக்கு வந்தால் இலக்கு தூளாகிவிடும் என்று இருந்தது. யானை பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. "தூள்" என்றேன்.

ஒன்றரை வருஷமாக அவன் வளர்த்த பாத்திரம். "போன வாரம் குரங்குக்கு ஒரு சட்டம், இந்த வாரம் எனக்கு ஒரு சட்டமாடா?" என்று கேட்டான். "டி.எம். சொன்னா சொன்னதுதான்" என்றேன். அவன் பகடைகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனான். அதற்கப்புறம் வரவில்லை.

பிறகு தேடிப் பார்த்தால், அந்த மந்திரத்துக்கு வெளியீட்டாளர்களே திருத்தம் போட்டிருக்கிறார்கள். அடி முழுவதும் கணக்கான பிறகும் பூஜ்யத்தில் நின்றால்தான் தூள். அதாவது யானை 30-ஐ வாங்கிக்கொள்ளும், மிச்சம் 40 ட்ரூயிட்டுக்குப் போகும், 80-இல் 40 மிஞ்சும். அவன் உயிரோடு இருந்திருக்க வேண்டும்.

ஆனால் திருத்தம் தெரியாததை என் பெரிய தப்பாக நான் நினைக்கவில்லை. ஒரே கேள்விக்கு ரெண்டு வாரத்தில் ரெண்டு பதில் சொன்னேன் பாருங்கள், அதுதான் தப்பு. கேள்வி இதுதான்: உருவம் வாங்கும் அடி, உள்ளே இருக்கும் ஆளுக்கு எவ்வளவு சேரும்?

உருமாற்றத்தை நாம் ஒரு மந்திரம் என்று நினைக்கிறோம். ஃபயர்பால் ஒரு மந்திரம். போட்டால் வெடிக்கும், முடிந்தது. உருமாற்றம் அப்படி இல்லை. அது ஆட்டத்தின் மற்ற எல்லா விதிகளையும் தொடும். ஹிட் பாயிண்ட் யாருடையது? போட்டிருந்த கவசம் எங்கே போனது? புத்தி யாருடையது? ஏற்கெனவே போட்ட மந்திரம் ஓடுமா? கோடிங் பண்ணுகிறவர்களுக்குச் சொன்னால் புரியும். ஒரு குளோபல் வேரியபிளை மாற்றுவது மாதிரி. எந்த ஃபங்ஷன் எங்கே உடையும் என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இது நமக்குப் புது விஷயமும் இல்லை. மாரீசனை நினைத்துப் பாருங்கள். பொன்மானாகப் போனான். அம்பு பட்டது மானின்மேல். ஆனால் விழுந்தபோது சொந்த உருவம் வந்தது, செத்ததும் மாரீசன்தான். மிச்ச அடி சொந்த உடம்புக்கு என்ற விதி அந்தக் கதையிலேயே இருக்கிறது.

திருமூலர் கதை இன்னும் பக்கத்தில், நம் காவிரிக்கரையிலேயே நடக்கிறது. திருவாவடுதுறை அருகே சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்து கிடக்க, மாடுகள் சுற்றி நின்று கதறின. அதைப் பார்த்த யோகி ஒருவர் தன் உடம்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு மூலன் உடம்புக்குள் போனார். கூடுவிட்டுக் கூடு பாய்தல். மாடுகளை வீடு சேர்த்தார். மூலன் மனைவி வந்து அழைத்தபோது, உனக்கும் எனக்கும் உறவில்லை என்றுவிட்டார். அவள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டாள். அவர்கள் வந்து பார்த்து, இவர் பழைய மூலன் இல்லை என்று அவளுக்குச் சொன்னார்கள். திரும்பிப் போய்ப் பார்த்தால் வைத்த உடம்பைக் காணோம். கடைசிவரை மூலனாகவே இருந்தார்.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் இந்தக் கதையை ஒரு டி.எம். கண்ணால் பாருங்கள். உடம்பு புதுசு. அறிவு பழைய யோகியுடையது. உறவு உடம்போடு வராது. பாதுகாப்பில்லாமல் வைத்த சொந்த உடம்பு தொலைந்தால் தொலைந்ததுதான். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் இருக்கிறது, ஒன்றோடு ஒன்று மோதவில்லை. என் மேசையில் அது இல்லை.

அதைவிட முக்கியமானதை எனக்குக் காட்டியது என் சொந்த ஊர். நான் வலங்கைமான். பங்குனி இரண்டாம் ஞாயிறு மகாமாரியம்மன் கோயிலில் பாடைக்காவடி. கும்பகோணம் பக்கம் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்தான நோயில் இருந்து பிழைத்தவர்கள் வேண்டுதலுக்காகப் பாடையில் படுப்பார்கள். பச்சை மூங்கில், பச்சை ஓலை. பிணத்துக்குச் செய்வது போலவே எல்லாம் செய்து, முன்னால் ஒருவர் தீச்சட்டி ஏந்த, நாலு பேர் தூக்க, பறை முழங்கக் கோயிலைச் சுற்றி வருவார்கள். சுற்றி முடிந்ததும் படுத்தவர் எழுந்து அம்மனைக் கும்பிடுவார்.

எங்க பெரியப்பா ஒரு வருஷம் அப்படிப் படுத்தார். பெரியம்மா கூடவே நடந்து வந்தாங்க, பொட்டோடயும் பூவோடயும். அவர் பாடையில இருந்தாலும் அவங்க தாலிக்கு ஒண்ணும் ஆகல. அது எல்லாருக்கும் தெரியும். சாவின் உருவம் எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நிற்கும், எந்த இடத்தில் முடியும் என்பதில் அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை. பாடை கிளம்பும் முன்பே எல்லாம் முடிவானது. வேண்டுதலையும் விளையாட்டையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். பாதி வழியில் யாரும் புது விதி சொல்ல மாட்டார்கள், அதைத்தான் சொல்கிறேன்.

சரி, இதற்கு நீங்கள் ரெண்டு மறுப்பு சொல்வீர்கள்.

ஒன்று, "விதி விதின்னு பேசினா ஜாலி போயிடும் மச்சான்." குரங்கு விஷயத்தில் எனக்கும் கை தட்டல் கிடைத்தது. ஆனால் அந்த ஜாலிக்கு யார் காசு கொடுத்தது? 12 புள்ளியோடு நிற்கும் ஃபைட்டருக்கு ஓசியில் 157 புள்ளி, அடியும் உள்ளே வராது என்றால், வைத்தியம் பார்க்கும் க்ளெரிக்குக்கு என்ன வேலை? அன்று க்ளெரிக்காக ஆடியவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கவனிக்கவில்லை. அதே விதிப்புத்தகத்தில் இதற்கு மருந்தும் இருந்தது. பாலிமார்ஃப் போட்ட விசார்ட் கான்சன்ட்ரேஷன் காக்க வேண்டும். எதிரி விசார்டை அடித்தால் அவன் பகடை போட்டுத் தப்பிக்க வேண்டும், தவறினால் குரங்கு மறைந்துவிடும். அதையும் நான் மறந்தேன்.

ரெண்டாவது, "எல்லாம் புத்தகத்துலயே இருக்கே, அப்புறம் என்ன?" இருக்கிறது, ஆனால் ஒரே மாதிரி இல்லை. 2014 பதிப்பில் வைல்ட் ஷேப் எடுத்த ட்ரூயிட்டுக்குப் புத்தி அவனுடையதே. பாலிமார்ஃபில் புத்தியின் எண்ணும் மிருகத்துடையது. குணம் மட்டும்தான் பழையது. ராட்சசக் குரங்கு நண்பனை அடிக்காது, ஆனால் ஐந்து படி உள்ள திட்டத்தை அது புரிந்துகொள்ளுமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆட்டத்தை எழுதுகிறவர்களே இதில் திணறியவர்கள். 2009-இல் வந்த பாத்ஃபைண்டர், மிருகத்தின் எண்களை அப்படியே தூக்கிக் கொடுக்காமல் உங்கள் எண்களில் கூட்டல் கழித்தல் மட்டும் செய்தது. 2024 பதிப்பில் ட்ரூயிட் தன் ஹிட் பாயிண்டையே வைத்துக்கொள்கிறான், மேலே கொஞ்சம் தற்காலிகப் புள்ளி. அந்தக் கணக்கில் பாருங்கள்: தற்காலிகப் புள்ளி எல்லாம் தீர்ந்திருந்தாலும், 80-இல் 70 போய் 10 மிஞ்சியிருக்கும். தூளா இல்லையா என்ற கேள்வியே வந்திருக்காது. மிருகத்தின் முழு உயிரும் கிடைத்த பழைய விதி பிடித்தவர்கள் இதைத் திட்டுகிறார்கள். நான் புதுசின் பக்கம். உயிர் ஒன்று, கணக்கும் ஒன்று.

எந்தப் பதிப்பு ஆடினாலும் ஒன்று செய்யுங்கள். முதல் நாள் ஒரு ஏ4 தாளில் ஐந்து கேள்விக்கு எல்லாரும் சேர்ந்து பதில் எழுதுங்கள். உருவம் வாங்கும் அடி உள்ளே எவ்வளவு போகும்? புத்தி யாருடையது? கவசமும் மோதிரமும் என்ன ஆகும்? ஏற்கெனவே ஓடும் மந்திரம் என்ன ஆகும்? எப்போது, யாரால் உருவம் கலையும்? எதிலும் பதில் இல்லை என்றால் ஒரே விதி: மாறும் என்று எழுதாதது மாறாது. நடுவில் புதுக் கேள்வி வந்தால் டி.எம். தீர்ப்புச் சொல்லலாம், ஆனால் அதையும் தாளில் எழுத வேண்டும். அடுத்த வாரம் அதே கேள்வி வந்தால் அதே பதில்தான், கேட்பது யாராக இருந்தாலும்.

போன வாரம் ட்ரூயிட்டுக்கு மெசேஜ் போட்டேன். கணக்கை முழுசாக எழுதினேன்: 70, 30, 40, 80. "தப்பு என்னோடது, உன் ஆள் உயிரோடதான் இருக்கான்" என்றேன். ரெண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது: "அந்தத் தாளை முதல்ல அனுப்பு. படிச்சிட்டு வரேனா இல்லையான்னு சொல்றேன்."

அனுப்பியிருக்கிறேன்.